பந்து கையில் இருந்ததா?

போன மாதம் அருப்புக்கோட்டையில் இளம் கூடைப்பந்து நடுவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி முகாம் நடந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து என்னை யாரும் விசில் ஊதக் கூப்பிடுவதில்லை, சால்வை போர்த்தத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த வெயிலுக்குச் சால்வை எதற்கு, ஒரு நாற்காலி மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

காலை வகுப்பை எடுத்தவர் மதுரைக்காரர். சுவரில் ஒரு சின்ன வீடியோ போட்டுக் காட்டினார். ஒரு பெண் பந்தோடு தாவுகிறாள், தரையிறங்கும்போது கால் வழுக்குகிறது, எதிர் அணிப் பெண் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறாள். ஃபவுல் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். கோயம்புத்தூர், ஈரோட்டுப் பிள்ளைகள் மொத்தமாகத் தூக்கினார்கள். மதுரைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பாதிப் பேர் தூக்கினார்கள். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிள்ளைகள் ஒரு கைகூடத் தூக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும், "விழுந்தா விழட்டும் சார். இவ எதுக்குப் போய்ப் பிடிக்கா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் சண்டைதான். கடைசியில் மல்லாங்கிணற்றுப் பெண் ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க. நம்ம பக்கம் மட்டும் ஏன் இதுக்கு யாருமே விசில் அடிக்க மாட்டேங்கிறோம்?"

ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று எழுந்தேன். முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் ஆரம்பித்து வைத்தவளே நான்தான். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

நான் திருச்சுழிக்குப் பக்கத்தில் மானாவாரி விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பெண். பி.டி. டீச்சராக அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. நடுவர் தேர்வுக்கான விதிப் புத்தகத்தைத் தினமும் பஸ்ஸில் போகும்போது பாதி, வரும்போது பாதி என்று மனப்பாடம் செய்தேன். விசில் ஊதிப் பழகியது எங்கள் காட்டில், மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில். "வெள்ளாமையில கிளி விரட்டுறதுக்காவது ஆகுதே" என்று அப்பா சந்தோஷப்பட்டார். எழுத்துத் தேர்வில் முதல் முறையிலும் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறையிலும் தேறினேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

பள்ளியில் எனக்குக் கிடைத்தது ஒரு சரளைத் தரை. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம், பலகை, வளையம். காலையில் கருவேல முள்ளைப் பெருக்கி, இரண்டு வாளித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டால் அது கூடைப்பந்து மைதானம். முதல் வாரம் பெண்கள் அணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். மறு வாரம் மூன்று பேர்தான். விசாரித்தால் எல்லா வீட்டிலும் ஒரே காரணம், முழங்கால். அந்தத் தரையில் ஒரு முறை விழுந்தால் தோல் வழன்று போகும், காய்ந்த பிறகு தழும்பு நிற்கும்.

ஒரு தாய் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "நான் முழுசா அனுப்பிவிட்ட பிள்ளைய நீங்க தோலை உரிச்சு அனுப்பியிருக்கீக. பொண்ணு பாக்க வாரவுக முழங்காலையா பாக்கப் போறாகன்னு கேப்பீக. எங்க மாமியா பாப்பாக டீச்சர், தெனமும் பாப்பாக" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. அன்று சாயங்காலம் மிச்சமிருந்த மூன்று பேரிடமும் ஒரு சட்டம் போட்டேன். எவள் விழப் போனாலும் பக்கத்தில் நிற்பவள் பிடிக்க வேண்டும், எந்த அணியாக இருந்தாலும் சரி. அதற்குக் கைதாங்கல் என்று பெயரும் வைத்தேன். ஒரு மாதம் ஒரு முழங்காலும் உரியவில்லை. போன ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள், கூட நாலு பேரையும் அழைத்து வந்தார்கள்.

எங்களோடு ஆட வந்த நரிக்குடி, காரியாபட்டி, திருச்சுழிப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் தரையும் இதே தரைதானே. அந்த ஆட்டங்களுக்கெல்லாம் நான்தான் நடுவர், நான் அதற்கு விசில் ஊதுவதில்லை. என்னிடம் விசில் பிடிக்கப் பழகியவர்களும் ஊதவில்லை. ஆடுபவர், பார்ப்பவர், ஊதுபவர் எல்லாரும் ஒரே மண் என்பதால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது என்றே பல வருஷம் எங்களுக்குத் தெரியாது.

வில்லங்கம் தெரிந்த கதைக்குப் போகுமுன் ராஜமாணிக்கம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சிக்காரர், எங்கள் போட்டிகளுக்குத் தலைமை நடுவராக வருவார். உயரம் குறைவு, சட்டை மடிப்புக் கலையாது, அதிர்ந்து பேச மாட்டார். ஆட்டம் முடிந்ததும் நம்மைத் தனியே கூப்பிட்டு, ஏதாவது ஒரு ஃபவுலைச் சொல்லி மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்றீர்கள்? என்ன பார்த்தீர்கள்? என்ன கொடுத்தீர்கள்? இந்த வரிசையில்தான் பதில் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு, "ஃபவுல் கொடுத்தேன் சார்" என்று மூன்றாவதை முதலில் சொன்னால், அவர் குனிந்து நம் காலைப் பார்ப்பார். "ஷூ லேஸ் அவுந்திருக்கு, போய்க் கட்டிட்டு வாங்க" என்பார். லேஸ் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் ஓரமாய்ப் போய் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் நமக்கே புத்தி வந்துவிடும். ஒரு போட்டித் தொடரில் நான் ஒன்பது முறை லேஸ் கட்டியிருக்கிறேன்.

ஃபவுலை அறிவிக்கும் முறையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரே விசில், குட்டையாக. மூடிய கை நேராக மேலே. பிறகு எழுதுபவர்களின் மேசைக்கு எதிரே ஓடி வந்து நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, இரண்டு மூச்சு விட வேண்டும். அதன் பிறகுதான் ஆட்டக்காரர் எண்ணை விரலில் காட்டி, என்ன தவறு, யாருக்குப் பந்து என்று காட்ட வேண்டும். "அந்த ரெண்டு மூச்சு மேசைக்காரங்களுக்கு இல்லம்மா, உங்களுக்கு. கோவத்துல விரல் கூடக்குறைய நீண்டுரும்" என்பார். என் குணம் அவருக்குத் தெரியும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பள்ளிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டி ஒன்று எங்கள் சரளைத் தரையில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் நரிக்குடிப் பக்கத்து அணியும் மேற்கே ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த அணியும் மோதின. நடுவர் இருவரில் ஒருவர் உள்ளூர், ஒருவர் வெளியூர் என்று ஏற்பாடு. உள்ளூர் நான். வெளியூர், பிரபு என்ற இளைஞர், அவரும் ஈரோட்டுக்காரர். சிமெண்ட் தரையிலேயே ஆடி, சிமெண்ட் தரையிலேயே விசில் பிடித்தவர். விரல் பட்டால் ஊதிவிடுவார்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்கிற இரண்டு பேர் வந்திருந்தார்கள். நரிக்குடி அணியில் ஏழாம் எண் முனீஸ்வரி. பதினாறு வயது, அப்பா ஆடு மேய்ப்பவர், அம்மா பஞ்சு மில் வேலை. விடுதி கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் பத்தாவதோடு அவளும் மில்லுக்குப் போவதாக வீட்டில் பேச்சு. இதை அவளுடைய பி.டி. டீச்சர் ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார். நடுவரிடம் அதையெல்லாம் சொல்லக் கூடாது. எனக்கும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மேற்கத்திப் பிள்ளைகள் வழுக்க ஆரம்பித்தார்கள். முனீஸ்வரி வழக்கம்போலப் பிடித்தாள். பிரபு ஊதினார். இன்னொருத்தி வழுக்கினாள், இவள் பிடித்தாள், பிரபு ஊதினார். அதே காரியம் என் பக்கத்தில் நடந்தால் விசில் இல்லை. அவர் பக்கம் பிடித்தால் ஃபவுல், என் பக்கம் பிடித்தால் உபகாரம் என்று ஆட்டம் போனது. பாதி ஆட்டத்தில் முனீஸ்வரிக்கு மூன்று ஃபவுல். ஐந்து வந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

இடைவேளையில் நானும் பிரபுவும் நேருக்கு நேர் நின்றுவிட்டோம்.

"டீச்சர், அது கையப் புடிக்கறதுங்க. புக்குலயே இருக்குதுங்க."

"புக்குல இருக்கு தம்பி. இந்தச் சரளை புக்குல இருக்கா?"

ராஜமாணிக்கம் சார் மோரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாக வந்தார். பந்தைப் பிரபு கையில் கொடுத்தார். "ஓடி வந்து ஒரு ஷாட் போடுங்க" என்றார். என்னை வளையத்துக்குக் கீழே நிற்கச் சொன்னார். பிரபு ஓடி வந்து தாவினார். சிமெண்ட் தரைக்கான ஷூ அது. தரையிறங்கும்போது இரண்டு காலும் முன்னால் போய்விட்டன. நான் யோசிக்கவே இல்லை, என் கை தானாகப் போய் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"பிரபு, இது ஃபவுலா?" என்றார் சார்.

பிரபு நல்ல பையன். முகம் சிவந்தாலும், "ஃபவுல்தானுங்க சார்" என்றார்.

"டீச்சர்?"

"விழுந்திருப்பாருல்ல சார், எப்படி ஃபவுலாகும்?"

"சரி. நீங்க பிடிக்கும்போது பந்து அவர் கையில் இருந்துச்சா, விட்டாச்சா?"

எனக்குத் தெரியவில்லை. நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரபுவிடம் கேட்டால், அவருக்கு என் கை பிடித்தது மட்டும்தான் தெரியும், பந்து தெரியவில்லை. சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க பத்து வருஷமாத் தரையையே பார்க்கறாங்க. நீங்க கையையே பார்க்கறீங்க. பந்து கையை விட்டுப் போன பிறகு பிடிச்சா, ஷாட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, விடுங்க. பந்து கையில் இருக்கும்போது பிடிச்சா, நல்ல மனசோட பிடிச்சாலும் ஷாட் போச்சு, ஊதுங்க. ரெண்டு பேரும் ரெண்டையும் பாருங்க" என்றார்.

இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. அதற்கப்புறம் பிரபு இரண்டு முறை ஊதாமல் விட்டார். நானும் ஒன்றுக்கு ஊதினேன், அது முனீஸ்வரி இல்லை. முனீஸ்வரிக்கு நாலாவது ஃபவுல், பந்தைத் தட்டப் போய் எதிராளி மணிக்கட்டில் அடித்தது. அதில் யாருக்கும் வழக்கில்லை.

ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நரிக்குடி ஒரு புள்ளி முன்னால். மேற்கத்தி அணியின் பன்னிரண்டாம் எண் என் பக்கமாகப் பந்தோடு பாய்ந்து தாவினாள். கிளம்பும்போதே கால் சறுக்கியது. முனீஸ்வரி அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டாள். பன்னிரண்டு விழவில்லை. ஆனால் இந்த முறை நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து இரண்டு கைக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது.

விசில் வாயில் இருந்தது. ஊதாமல் விட்டிருந்தால் ஊரில் ஒருவர்கூட என்னைக் கேட்டிருக்க மாட்டார். பிரபு தூரத்தில் இருந்தார். இந்தப் பிள்ளைக்கு இப்படிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பழக்கமே என்னுடையது. அதெல்லாம் ஒரு கணத்தில் வந்து போனது. ஊதினேன்.

மேசைக்கு எதிரே போய் நின்றேன். இரண்டு மூச்சு விட்டேன். அன்றைக்கு மூன்றாவதும் தேவைப்பட்டது. ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் இரண்டு. ஏழு. முனீஸ்வரிக்கு அது ஐந்தாவது ஃபவுல்.

சனம் கொதித்தது. "ஏலே, நம்மூரு டீச்சரே நம்ம பிள்ளைக்கு ஊதுறாகளே! விழுகப் போன பிள்ளையப் பிடிச்சது ஒரு குத்தமா?" ஃபவுல் செய்தவர் கையைத் தூக்கி ஒப்புக்கொள்வது பழைய வழக்கம், எங்கள் பக்கத்தில் அப்போதும் விடவில்லை. முனீஸ்வரி கையைத் தூக்கியபடியே என்னிடம் வந்தாள்.

"பந்து கையில இருந்துச்சா டீச்சர்?"

"இருந்துச்சுத்தா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஃபவுலுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் பன்னிரண்டாம் எண் வளையத்தில் போட்டாள். மேற்கத்தி ஒரு புள்ளி முன்னால். கடைசி வினாடிகளில் நரிக்குடிப் பெண் ஒருத்தி பிரபு பக்கமாக ஓடிப் போய்த் தாவிப் பந்தை எறிந்தாள், எறிந்துவிட்டு வழுக்கினாள். அவளைத் தாங்கிப் பிடித்தது யார் என்றால் அதே பன்னிரண்டு. ஒரே ஆட்டத்தில் எங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள். பிரபு கன்னம் உப்ப விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார், ஊதவில்லை. பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

உடனே நம் சனம் என்ன கேட்டது தெரியுமா? "ஃபவுலு! பிடிச்சது கண்ணு தெரியலையா?" ஒரு நிமிஷத்துக்கு முன்னால் உபகாரம் என்று கத்திய அதே வாய். நான் பிரபு பக்கத்தில் போய் நின்றுகொண்டு, கத்தியவர்களைப் பார்த்து, "அண்ணே, பந்து போயிருச்சு, நீங்களும் போங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

சார் என்னைக் கூப்பிட்டார். எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், என்ன கொடுத்தேன், மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். குனிந்து என் காலைப் பார்த்தார். "லேஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார். என் நடுவர் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

ஆனால் விடுதிக்குப் பன்னிரண்டாம் எண்ணை எடுத்தார்கள், ஏழாம் எண்ணை எடுக்கவில்லை. கடைசி நிமிடம் அவள் தரையில் இல்லாததால்தானா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. நான் சரியாகத்தான் ஊதினேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. முனீஸ்வரி அதற்குப் பிறகு என் கண்ணில் படவே இல்லை. மில்லுக்குப் போய்விட்டாள் என்றார்கள், வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது போன மாதத்து முகாமுக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்முறை வகுப்பு. அதை நடத்த ஈரோட்டிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். வந்தது முனீஸ்வரி. மில்லுக்குப் போனதும் உண்மை, ஒரே ஒரு வருஷம். பிறகு பன்னிரண்டாவது முடித்து, ஒரு கல்லூரியில் விளையாட்டுக்கான இடம் கிடைத்துப் படித்து, பி.டி. டீச்சராகி, அந்தப் பக்கமே வாக்கப்பட்டுப் போய், இப்போது அங்கே பெரிய நடுவர். பேச்சில் 'ங்க' ஏறியிருக்கிறது. மேசைக்காரர்களை விரட்டிய விரட்டலைப் பார்த்தால் விசிலும் அந்த ஊர் விசில்தான் என்று தெரிந்தது.

"நல்லா இருக்கீங்களாங்க டீச்சர்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்கக் கூடாததைத்தான் கேட்டேன்.

"அன்னைக்கு நீ அப்பச் சரின்னு சொன்னியேத்தா, நெசமாவே சரின்னு தோணுச்சா?"

சிரித்தாள். "இல்லங்க டீச்சர். பந்து போயிருச்சுன்னுதான் இன்னைக்கும் நெனைக்கிறேன். உங்க மூஞ்சியப் பாத்தேன், எனக்கு மேல அழுதுருவீங்க போல இருந்துச்சு. அது உங்களுக்காகச் சொன்னது."

பதினான்கு வருஷம் கழித்து இப்படி ஒரு போடு போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வகுப்பை ஆரம்பித்துவிட்டாள். காலையில் சண்டை போட்ட அதே விஷயத்தைச் செய்து காட்ட வேண்டும். தடுப்பவராக நிற்க ஆள் வேண்டும் என்றதும், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து என்னைத் தள்ளிவிட்டார்கள். சேலையைச் சொருகிக்கொண்டு வளையத்துக்குக் கீழே போய் நின்றேன். எங்கள் பழைய சரளை மைதானம்தான் அது, இப்போது அங்கே சிமெண்ட் தரை, ஆனால் காற்றடித்த மணல் அதன் மேல் எப்போதும் இருக்கும். மல்லாங்கிணற்றுப் பெண் பந்தோடு ஓடி வந்து தாவினாள். கால் வழுக்கியது. அறுபது வயதுக் கை, கேட்டுக்கொண்டா போகும்? பிடித்துவிட்டேன்.

குட்டையாக ஒரு விசில். முனீஸ்வரியின் மூடிய கை நேராக மேலே. மேசைக்கு எதிரே ஓடிப் போய் நின்று, இரண்டு மூச்சு விட்டாள். என் சேலையில் எண் ஏது? திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் இரண்டு விரல் காட்டினாள்.

நான் கையைத் தூக்கினேன். "பந்து கையில இருந்துச்சாத்தா?"

"இருந்துச்சுங்க டீச்சர்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அவளுக்காகத்தான் சொன்னேன். என்னைக் கேட்டால், பந்து போய்விட்டிருந்தது.